மாத்திரை ஒரு கை, சோறு மறு கை

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் வடலூர். 1867-ல் வள்ளலார் அங்கே தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியைப் பிணியாகவே பார்த்தவர் அவர். எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்களுக்கு அது மருத்துவ உண்மையும்கூட.

உடம்பு எவ்வளவு கேட்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அறிகுறி இல்லாத பெரியவருக்கு வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் கலோரி வேண்டும். அறிகுறிகள் வந்துவிட்டால் 20 முதல் 30 சதவீதம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 10 சதவீதம் என்பது 200 கலோரி. நம் பக்கத்து மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு கைப்பிடியில் கிடைத்துவிடும். விலை உயர்ந்த சத்து டப்பா தேவையில்லை. முட்டை, பருப்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை போதும். முட்டையை நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள்.

பசிக்காக மாத்திரையை விடாதீர்கள்

“வெறும் வயிற்றில் போட்டால் சூடு” என்று ஷிப்டு வேலைக்காரர்கள் மாத்திரையைத் தள்ளிப்போடுவதுண்டு. இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படும் டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரையைச் சாப்பிடாமலும் போடலாம். அடிக்கடி விட்டால் கிருமி பெருகி, மருந்துக்கே அடங்காமல் போகலாம். இரும்பு, கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் அவற்றை இதனுடன் உணவோடு சேர்த்துப் போடலாம். வெறும் வயிறு என்றால் இதைப் போட்டு 2 மணி நேரம் கழித்தே அவற்றைப் போட வேண்டும். வேறு மருந்து எடுப்பவர்கள் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உரியவை

கூட்டு மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள எச்.ஐ.வி. பாதித்தோர் குடும்பங்களை அந்தியோதயா திட்டத்தில் முன்னுரிமையோடு சேர்க்க 2009-லேயே மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அந்தத் திட்டத்தின் குடும்ப அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. வட்ட வழங்கல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். காசநோயும் சேர்ந்திருந்தால், சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவோடு முட்டையும் கிடைக்கும்.

வேலை போனால் சோறும் போகும்

அதனால்தான் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் முக்கியம். 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. வேலை, வாடகை வீடு, பள்ளி, சிகிச்சை எதிலும் பாகுபாடு கூடாது. சிகிச்சையிலோ பணியிலோ நம்பிச் சொன்ன விவரத்தை, உங்கள் சம்மதமின்றி வெளியிட இந்தச் சட்டம் தடை விதிக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மாநிலக் குறைதீர்ப்பாளர் 30 நாட்களுக்குள், மருத்துவ அவசரமென்றால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவிட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1097-ஐ இலவசமாக அழையுங்கள். அருகிலுள்ள நம்பிக்கை மையத்துக்கும் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போகலாம்.

ஒரே தட்டில் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. பரவாது. உங்களோடு வேலை செய்கிறவருக்கு இந்தத் தொற்று இருப்பது தெரிந்தால் அதை ஊருக்குச் சொல்லாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் டிபன் பாக்ஸைத் திறங்கள்.