வீட்டில் படிப்பிக்க நினைக்கும் பெற்றோருக்கு

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் மூடப்பட்டன. அந்த நாட்களில் பிள்ளைகள் கைபேசியிலும் வீட்டு மேசையிலும் படித்ததைப் பார்த்த பெற்றோர் சிலருக்கு, பாடசாலையே இல்லாமல் படிப்பித்தால் என்ன என்ற எண்ணம் வந்திருக்கிறது. பேராதனை, கண்ணொருவை, பிலிமத்தலாவை போன்ற இடங்களில் படித்த பெற்றோரும் உண்டு, இணைய வசதியும் உண்டு. ஆகவே இந்தக் கேள்விக்குச் சட்டப்படியான விடை வேண்டும். வீட்டுக் கல்விக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. அதற்கு விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளும் ஒழுங்கும் இல்லை. இருப்பது 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும், அதன் கீழ் வந்த கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகளும்தான். 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கல்வி கட்டாயமானது. 2016இல் மேல் எல்லை 16 ஆக உயர்ந்தது. இந்தக் கடமை பெற்றோரின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

தனிச் சட்டம் இல்லை என்பதை அனுமதி என்று வாசிப்பவர்கள் தவறு செய்கிறார்கள். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பாடசாலையில் அல்லது வேறு வழியில் தகுந்த கல்வி கொடுப்பது பெற்றோரின் கடமை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த நாட்டிலுள்ள நம் உறவினர் ஒருவர் வீட்டில் படிப்பிக்கிறார் என்றால் அவருக்குக் காட்டுவதற்கு ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. இங்கே அப்படி ஒரு பாதுகாப்பை நம்பி இருக்க முடியாது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை என்றால், கிராமமட்டப் பாடசாலை வரவுக் குழுவோ, சிறுவர் நன்னடத்தை அலுவலரோ வந்து விசாரிக்கலாம். கல்வி ஒழுங்காக நடக்கிறது என்று காட்ட வேண்டியவர் பெற்றோர். விசாரிக்க வருபவரைப் பகைவராக நினைக்கவும் கூடாது. மலையகத்தில் பாடசாலையை விட்ட பிள்ளை கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்ச் சேர்ந்த கதைகள் எத்தனையோ. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 2021இல்தான் 16 ஆக உயர்த்தினார்கள். பாடசாலையில் பெயர் இல்லாத பிள்ளையைத் தேடிப் போகும் அதிகாரி, பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளையைத்தான் தேடுகிறார்.

என் பிள்ளையின் கல்வியைத் தீர்மானிப்பது என் உரிமை அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெற்றோரின் தெரிவுக்குச் சர்வதேச உடன்படிக்கைகளில் இடம் உண்டு. ஆனால் இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின்படி கல்வி பிள்ளையின் உரிமை. பெற்றோர் அதற்குப் பொறுப்பாளர். ஜெர்மனியில் இதே வாதத்தோடு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் 2006இலும் 2019இலும் தோற்றன. அந்த நாட்டின் கடுமை இங்கே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெற்றோரின் விருப்பம் மட்டும் ஒரு வழக்கைத் தாங்காது என்பதற்கு அது சான்று.

அயல் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு சிறு வகுப்பாக நடத்துவோம் என்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கிறது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகி நடப்பதற்கு இதுவே காரணம். மாலை நேர ரியூஷன் வேறு. பாடசாலைக்குப் பதிலாகக் காலையிலிருந்து மதியம் வரை பத்துப் பிள்ளைகளை வைத்திருப்பது வேறு.

பரீட்சைப் பாதையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பாடசாலை வழியாகத்தான். க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வேண்டிய தேசிய அடையாள அட்டைக்கு, அதிபர் இல்லாத பிள்ளை கிராம அலுவலரிடம் போக வேண்டும். லண்டன் பரீட்சைகளை நம்புபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பேராதனைப் பல்கலைக்கழகம் வீட்டுக்கு எதிரே இருந்தாலும், அதற்கான வழமையான அனுமதி உள்நாட்டு உயர்தரத்தின் இசட் புள்ளியை வைத்தே கிடைக்கும்.

வீட்டுக் கல்வியை விரும்பித் தெரிவு செய்பவர்களைவிட, அதற்குள் தள்ளப்படும் பெற்றோரைப் பற்றியே எனக்கு அதிக கவலை. அடி, கேலி, மாற்றுத்திறனைக் காட்டி அனுமதி மறுப்பு: இவற்றுக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள். உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடை செய்தது. மாணவனை அடித்த ஆசிரியருக்கு எதிராக 2021இல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2016இல் குளியாப்பிட்டியில் எச்.ஐ.வி. வதந்தியால் ஒரு சிறுவனைப் பாடசாலைகள் ஏற்க மறுத்தபோது, அவன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விவகாரம் முடியவில்லை. கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

எனவே பிள்ளையை நிறுத்துவதற்கு முன்பே வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கண்டி மாவட்டத்தில் கண்டி, தெனுவர, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, வத்தேகம, தெல்தெனிய என ஆறு வலயங்கள் உண்டு. உங்களுடையது எது என்று கேட்டு அறியுங்கள். காரணத்தையும், என்ன பாடத்திட்டத்தில் யார் படிப்பிக்கப் போகிறார் என்பதையும் எழுதி, பதிலைக் கேளுங்கள். விடுகைப் பத்திரம், நேர அட்டவணை, பயிற்சிக் கொப்பிகள், மதிப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் திகதியோடு வைத்திருங்கள். அநீதி நடந்திருந்தால் கண்டியிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குத் தாமதமின்றிப் போங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள்.