நாட்பட்ட வலியும் உறக்கக் குறைவும்: மருத்துவரிடம் இரண்டையும் கூறுங்கள்

மூன்று மாதங்களுக்கும் மேலாக நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் தோன்றும் வலி நாட்பட்ட வலி எனப்படும். மூட்டுத் தேய்மானம், கீழ்முதுகு வலி, கழுத்து வலி, நீரிழிவினால் உண்டாகும் நரம்பு வலி ஆகியவை குடும்ப மருத்துவரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இத்தகைய வலியுடையோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறக்கத்திலும் சிக்கல் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் மருத்துவர்முன் அமரும்போது பலர் வலியை மட்டுமே கூறுகின்றனர். வலி நீங்கினால் தூக்கம் தானாக வந்துவிடும் என்பது அவர்களது எண்ணம். அது பாதி உண்மை மட்டுமே.

உறக்கம் கெட்டால் வலி ஏன் கூடுகிறது?

உடலின் ஒரு பகுதியிலிருந்து வரும் வலிச் செய்தியை மூளை அப்படியே ஏற்பதில்லை. அதனைத் தணிக்கும் ஏற்பாடு ஒன்று மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ளது. போதிய உறக்கம் இல்லாதபோது இந்த ஏற்பாடு வலுவிழக்கிறது. எனவே, முதல் நாள் தாங்கக்கூடியதாக இருந்த அதே முழங்கால் வலி, உறங்காத இரவிற்கு மறுநாள் தாங்க இயலாததாகிறது. மூட்டு ஓர் இரவில் மேலும் தேய்ந்துவிடவில்லை. வலியைத் தணிக்கும் திறனே குறைந்துள்ளது.

வலி உறக்கத்தைக் கெடுப்பதும் உண்மையே. ஆனால், மக்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், வலியைக் கொண்டு பின்னாளைய உறக்கக் குறைவைக் கணிப்பதைவிட, உறக்கக் குறைவைக் கொண்டு பின்னாளைய வலியைக் கணிப்பதே கூடுதலாகப் பொருந்தியது. தேய்ந்த மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். உறக்கத்தைச் சீர்செய்வது பெரும்பாலும் இயலும். ஆகவேதான் அதனை வலியின் பின்விளைவு எனக் கருதி ஒதுக்கிவிடலாகாது. “வயதானால் தூக்கம் குறையத்தான் செய்யும்” என்று விட்டுவிடுவதும் சரியன்று.

இரவில் வரும் வலி எதைக் காட்டுகிறது?

எந்த நேரத்தில், எப்படி விழிப்பு வருகிறது என்பது நோயைக் கண்டறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவும். பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் இரவில் கூடுமானால் நீரிழிவு நரம்புப் பாதிப்பை ஐயுறவேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சற்றுக் குறைகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படலாம். இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிவதே பலருக்கு நல்ல பயன் தரும். நீரிழிவு உள்ளவர் ஒரு தோள்பக்கமாகப் படுக்க இயலாமல் விழித்தால், அது தோள்மூட்டு இறுக்கமாக இருக்கலாம். 45 வயதிற்குள் தொடங்கிய முதுகுவலி பின்னிரவில் எழுப்புகிறது, காலையில் அரை மணி நேரத்திற்கும் மேல் விறைப்பு நீடிக்கிறது, நடமாடினால் குறைகிறது என்றால், அது முதுகெலும்பின் அழற்சி நோயாக இருக்கக்கூடும். இதனைச் சாதாரணப் பிடிப்பு என எண்ணிப் பல ஆண்டுகளைக் கழித்துவிடுவோர் உண்டு.

வலியே காரணமாக இல்லாமலும் உறக்கம் கெடலாம். படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்னும் உந்துதல் இரும்புச்சத்துக் குறைவினால் வரக்கூடும். எளிய இரத்தப் பரிசோதனையில் இது தெரியவரும். உரத்த குறட்டை, இடையில் மூச்சு நிற்பது, காலைத் தலைவலி ஆகியவை உறக்க மூச்சுத்தடையின் அறிகுறிகள். குறட்டை விடுபவருக்குத் தெரியாது. உடன் உறங்குபவரே கூறவேண்டும்.

தூக்க மாத்திரை தீர்வாகுமா?

அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி வாங்குவதும், உறவினர் உண்பதைப் பகிர்ந்துகொள்வதும் ஆபத்தானவை. சில வாரங்களிலேயே உடல் இவற்றிற்குப் பழகிவிடும். முதியோர் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிய இவை காரணமாகின்றன. டிரமடால் போன்ற வலுவான வலி நிவாரணியுடனோ மதுவுடனோ சேர்ந்தால் மூச்சே அடங்கக்கூடும். ஏற்கெனவே நெடுநாளாக உட்கொண்டு வருபவராயின் திடீரென நிறுத்தவேண்டாம்; வலிப்பு வர வாய்ப்புள்ளது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

நரம்பு வலிக்கு மருத்துவர் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தால், “இது மனநோய் மாத்திரையாமே” என அஞ்சவேண்டியதில்லை. மனச்சோர்வுக்கான மருந்தாயினும், குறைந்த அளவில் அது நரம்பு வலியைத் தணிக்கிறது. கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, இதய நோய் இருப்பின் முன்னரே தெரிவியுங்கள்.

மருந்தில்லாச் சிகிச்சை

நாட்பட்ட தூக்கமின்மைக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அன்று, அறிதல்–நடத்தைச் சிகிச்சையே. வலியுடையோர் ஓய்வு கருதிப் பகலிலும் படுத்தே இருப்பர். நாளடைவில் படுக்கை என்றாலே வலியும் விழிப்பும் என மூளை பழகிக்கொள்கிறது. இப்பழக்கத்தை மாற்றுவதே சிகிச்சையின் மையம். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். தூக்கம் வரும்போது மட்டும் படுங்கள். ஏறத்தாழ 20 நிமிடங்கள் உறக்கம் வராவிடில் எழுந்துவிடுங்கள். ஒரே அறையுள்ள வீடாயின் பாயை விட்டு நகர்ந்து சுவரோரம் அமர்ந்தாலும் போதும். கடிகாரத்தையும் கைபேசியையும் பார்க்கவேண்டாம். காபி, தேநீரின் ஊக்கப்பொருள் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆகவே பிற்பகலுக்குப் பின் தவிர்ப்பது நன்று.

முதல் இரண்டு வாரங்களில் பகல் சோர்வு கூடலாம். பலர் கைவிடுவது இங்கேதான். வாகனம் ஓட்டுவோரும் வலிப்பு நோயுள்ளோரும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்கவேண்டும்.

இதனுடன் நடைப்பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் தேவை. தமிழ்நாட்டில் வீட்டைவிட்டு வர இயலாதோருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவம் வீட்டிலேயே வழங்கப்படுகிறது. மனச்சோர்வோ வாழ்வில் வெறுப்போ தோன்றினால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

மருத்துவரிடம் செல்லுமுன்

இரண்டு வாரங்களுக்கு ஒரு தாளில் குறித்துவாருங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், எத்தனை முறை எதனால் விழித்தீர்கள், காலை வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, உண்ட மாத்திரைகள். கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில், நீண்ட விளக்கத்தைவிட இத்தாள் மருத்துவருக்குப் பயன்படும். கடையில் வாங்கி உண்ணும் வலி மாத்திரைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். அவை சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடும்.

காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்திருத்தல், எப்படிப் படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை இருப்பின் இரண்டு வாரம் காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். முதுகுவலியுடன் கால்கள் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; 108 எண்ணை அழையுங்கள்.