தப்பு தொங்கும் சுவரில் யார் பெயர்?

கடந்த தை மாதம் திருப்பனந்தாள் பக்கம் உள்ள ஒரு சேரிக்குச் சென்னையிலிருந்து ஒரு கலை ஆலோசகர் காரில் வந்து இறங்கினார். கட்டுமானத்தில் இருக்கும் ஒரு சொகுசு விடுதிக்கு உள்ளூர்க் கலைப்பொருள்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சுவாமிமலைச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எல்லாம் முடிவாகிவிட்டன. 'கிராமத்து மூலை' என்று ஒரு மூலை மட்டும் பாக்கி. அங்கே மாட்ட ஒரு பழைய தப்பு வேண்டும் என்றார். நண்பர் ஒருவர் சொல்லி எங்களைத் தேடி வந்திருந்தார்.

இது புதிய பழக்கமல்ல. 2012ல் கிண்டியில் திறந்த ஐடிசி கிராண்ட் சோழா, 600 அறைகளோடு, சோழர் கோவில்களை முன்மாதிரியாக வைத்தே கட்டப்பட்டது. சுவாமிமலை அருகே பழைய வீடுகளே விடுதிகளாகிவிட்டன. திருப்பனந்தாள் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் எழுதும் கலம்காரி துணிகள் 2021ல் 'கருப்பூர் கலம்காரி ஓவியம்' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றன. தேருக்கும் கோவிலுக்கும் தொம்பையாகத் தொங்கிய துணி இன்று விடுதிச் சுவருக்கும் போகிறது. கைக்கு வேலை கிடைத்தால் நல்லதுதான். நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பட்டியல்களில் எப்போதும் ராஜா இருக்கிறார், சாமி இருக்கிறது, அக்கிரகாரத்துத் திண்ணை இருக்கிறது. தோல் பதமிட்ட கை மட்டும் இருப்பதில்லை. பெரியபுராணத்தை மாணவர்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கோவில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர் நந்தனார் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் எழுதிவிட்டார். கொடுத்த பொருள் உள்ளே போனது, கொடுத்தவர் வெளியே நின்றார். ஆதனூர்ச் சேரியின் மாமரங்களில் பறைகள் தொங்கியதையும் அவரே சொல்கிறார்.

மிருதங்கத்துக்கும் இதே கதைதான். தஞ்சாவூர் செபாஸ்டியனும் அவர் மகன் பர்லாந்தும் தோல் பார்த்துச் செய்த மிருதங்கங்கள் பெரிய வித்வான்களின் மடியில் இருந்தன. செய்தவர்களை முன்னிறுத்தி டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுத 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தையும் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்தது.

சரி, தப்புக்கு வருவோம். அந்தத் தெருவில் ஒரே ஒரு தப்புதான் மிச்சம். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பரணில் வைத்திருந்தார். மரச்சட்டம் மூன்று துண்டு, இரும்புப் பட்டையால் இணைத்தது. கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டியது. அவருடைய அப்பா கையால் செய்தது. மற்ற தப்புகள் எங்கே போயின என்று ஆலோசகர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். இருபது வருடங்களுக்கு முன் 'ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை' என்று அந்தத் தெரு இளைஞர்கள் முடிவெடுத்தபோது, தீர்மானத்தை எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். சிலர் தப்பை வைக்கோல் போட்டுக் கொளுத்தினார்கள். அது அன்றைக்குச் சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறோம். அடிக்க மறுத்தால் அடி விழுந்த காலம் அது.

ஆனால் காலம் அங்கேயே நிற்கவில்லை. க.ஆ. குணசேகரன் போன்றவர்கள் பறையைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகள் சாதி பார்க்காமல் அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கொளுத்தியதும் விடுதலைக்காக, திரும்ப எடுத்ததும் விடுதலைக்காக. இரண்டும் தெரியாமல் ஒரு தப்பைச் சுவரில் மாட்டினால் அது வெறும் வட்டத் தோல்.

ஆலோசகர் வாசகப் பலகை மாதிரி ஒன்றைக் காட்டினார். 'கிராமியத் தாளக்கருவி, காவிரி டெல்டா' என்று இருந்தது. நாங்கள் இரண்டு வரி கேட்டோம். முதல் வரி, செய்தவரின் பெயரும் தெருவும். இரண்டாவது, சாவு வீட்டில் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்கள் அதை மறுத்துக் கீழே வைத்த கருவி இது என்பது.

"முதல் வரி போட்டுடலாம் சார். ரெண்டாவது கொஞ்சம் கஷ்டம். ஓய்வெடுக்க வர்றவங்க, மனசு சங்கடப்படுவாங்க" என்றார். சிலையின் அருகே எந்த மன்னன் எந்தப் போரில் வென்றான் என்று எழுதுகிறீர்களே, அதில் யாரும் சங்கடப்படுவதில்லையா என்று கேட்டோம். சிரித்தார். மோசமான மனிதர் அல்ல.

அடுத்து இன்னொன்றும் கேட்டார். விருந்தினர் கார் வரும்போது வாசலில் நின்று அடிக்க நாலு பையன்கள் கிடைப்பார்களா? சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு. நாங்கள் பேசுவதற்குள் பெரியவர் பேசினார்.

"வாசல்ல நின்னு அடிக்கிறதத்தான் தம்பி விட்டோம். உள்ள மேடை போட்டு, வீணக்காரர உக்கார வக்கிற மாதிரி உக்கார வச்சுக் கேட்டா, எம் பேரன அனுப்புறேன்."

விலை பேசுவதிலும் அவர் எங்களைவிடக் கெட்டி. விற்க மாட்டேன், மூன்று வருடத்துக்குக் கொடுக்கிறேன், வாடகை மாதா மாதம் வர வேண்டும், தோல் தொய்ந்தால் செலவு உங்களுடையது என்றார். எங்களுக்கே அது தோன்றவில்லை. கலைப்பொருள் கேட்டு ஆள் வரும் மற்ற ஊர்க்காரர்களும் இதைக் கேட்கலாம். ஒரு தாளில் எழுதி, செய்தவர் பெயர், தொகை, திரும்பக் கொடுக்கும் தேதி மூன்றையும் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். படம் எடுத்து விளம்பரத்தில் போட்டால் அதற்குத் தனித் தொகை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வாடகைக்கு ஒப்புக்கொண்டதாகப் பங்குனியில் போன் வந்தது. அப்பாவின் பெயரும் பலகையில் ஏறும். இரண்டாவது வரிக்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அது வரும்வரை கொடுப்பதில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். தப்பு பரணில்தான் இருக்கிறது.