ஆச்சியின் கைரேகையை அழித்த மாத்திரை

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தப்போ ஆச்சியை ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். மெஷின்ல ஆள்காட்டி விரலை வச்சாங்க. ஏத்துக்கல. கட்டைவிரல். ஏத்துக்கல. இடது கையும் அதே கதைதான். பின்னாடி வரிசையில முணுமுணுப்பு. கடைக்காரர் "கையை நல்லா துடைச்சிட்டு வைங்கம்மா"ன்னார். ஆச்சியும் சேலை முந்தானையில துடைச்சு துடைச்சு வச்சுப் பார்த்தாங்க. ரேகைன்னு ஒண்ணு இருந்தாதானே! அஞ்சு மாசமா அவங்க சாப்பிட்ட மாத்திரை அதை வழிச்சு எடுத்திருந்தது.

மூணாவது வருஷ மினி ப்ராஜெக்டா கைரேகை அட்டெண்டன்ஸ் சிஸ்டம் பண்ணவ நான். "கைரேகை வாழ்நாள் முழுவதும் மாறாதது" என்று ரிப்போர்ட்டில் எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. அந்த வரியைப் படிச்ச எந்த சாரும் என்னைக் கேள்வி கேட்கல.

அந்த மாத்திரையின் பெயர் கேப்சிடபின். குடல், மார்பகம், இரைப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுப்பார்கள். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது ரேகையை அழிக்கும்னு உலகத்துக்குத் தெரிய வந்ததும் ஒரு செக்கிங் வரிசையிலதான். 2008 டிசம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவரை அமெரிக்க இமிக்ரேஷன்ல நாலு மணி நேரம் உட்கார வச்சிட்டாங்க, ஸ்கேனர்ல அவருக்கு ரேகையே விழலைன்னு. அவருடைய டாக்டர் அதை 2009-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதி, இந்த மாத்திரை சாப்பிடுறவங்க பயணம் போகும்போது கையில் ஒரு டாக்டர் கடிதம் வச்சுக்கணும்னு சொன்னார். உங்க வீட்டுல யாராவது இதைச் சாப்பிட்டா ரேஷன் கடை, பேங்க், ஆதார் சென்டர் போறதுக்கு முன்னாடி அப்படி ஒரு கடிதம் வாங்கிடுங்க. கருவிழி ஸ்கேனரோ ஓடிபியோ இருக்கான்னும் கேளுங்க.

ஆனா ரேகை போறது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேற.

கீமோன்னா ஆஸ்பத்திரி, ட்ரிப்ஸ், நர்ஸ்னுதான் நம்ம மனசுல படம் ஓடும். கேப்சிடபின் அப்படி இல்லை. மெடிக்கல்ல வாங்கி, டப்பாவில போட்டு, சர்க்கரை மாத்திரை பக்கத்துல வச்சுடலாம். ஆபத்தே அதுதான். பார்க்க சாதாரண மாத்திரை மாதிரி இருக்கும். உள்ளே போனதும் கல்லீரலிலும் பிறகு கட்டியிலுமாக மூணு படி மாறி ஃப்ளூரோயூராசில் என்ற முழு கீமோ மருந்தாகிடும். கடைசிப் படிக்குத் தேவையான என்சைம் புற்றுநோய்க் கட்டிகளில் அதிகம் இருப்பதால் அங்கேதான் மருந்து கூடுதலா உருவாகும். டிசைன் செம. ஆனா மத்த இடத்திலும் கொஞ்சம் உருவாகத்தான் செய்யும். வேகமா வளர்ற செல்கள், அதாவது குடல், வாய், தோல், இரத்தம் எல்லாமே அடி வாங்கும்.

டோஸை உயரம், எடை ரெண்டையும் வச்சு உடல் பரப்பளவு கணக்குப் போட்டு முடிவு பண்ணுவாங்க. அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கு எத்தனை மாத்திரைங்கிறது நமக்குத் தேவையில்லாத தகவல். வழக்கமா 14 நாள் காலையும் இரவும், அப்புறம் 7 நாள் லீவு. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள தண்ணியோட முழுங்கணும். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளை ரெண்டு மடங்கா போடக் கூடாது. விட்டது விட்டதுதான். நான் ஆச்சிக்கு காலண்டர்ல பச்சை, சிவப்பு ஸ்கெட்ச்ல குறிச்சுக் கொடுத்தேன். நாலு வருஷம் படிச்சதுல உருப்படியா பண்ண எஞ்சினியரிங் அதுதான்னு மாமா சொன்னார்.

முதல் வாரத்துல அம்மா ஒரு தப்பு பண்ணாங்க. மாத்திரை பெருசா இருக்கு, ஆச்சிக்கு முழுங்க முடியலைன்னு இடிச்சு தண்ணியில கலக்கப் போனாங்க. இது செல்லைக் கொல்ற மருந்து. அந்தத் தூள் மூச்சில போனா, கையில பட்டா, இடிக்கிறவங்களுக்கும் ஆபத்து. உடைக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. முழுங்க முடியலைன்னா டாக்டர்கிட்ட சொல்லணும். எடுத்துக் கொடுக்கிறவங்க கையுறை போடணும், பிறகு கை கழுவணும். வீட்டுல கர்ப்பமா இருக்கிறவங்க இதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது கூட சாப்பிடுற மருந்துகள். இரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு கேப்சிடபின் சேர்ந்தா இரத்தக்கசிவு வரலாம். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின் அளவு இரத்தத்தில் ஏறிடும். நம்ம ஊர்ல யாருமே மருந்துன்னு கணக்குல எடுக்காத சத்து மாத்திரையும் இருக்கு: ஃபோலிக் ஆசிட் கேப்சிடபினோட பக்கவிளைவைக் கூட்டும். "உடம்பு தெம்பா இருக்கட்டும்"னு மெடிக்கல்ல வாங்குற பி காம்ப்ளக்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்க, பலதுல அது இருக்கும். சிறுநீரகம் பலவீனமா இருந்தாலும் டோஸ் குறைப்பாங்க, ரொம்ப மோசம்னா கொடுக்கவே மாட்டாங்க. அதனால பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் முதல் நாளே கொண்டு போங்க.

இப்போ எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லணும். மூணாவது சுற்றுல ஒன்பதாவது நாள் ஆச்சிக்கு வயித்தால போக ஆரம்பிச்சது. ராத்திரியிலும் எழுந்து எழுந்து போயிருக்காங்க. ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. மாத்திரையையும் விடாம முழுங்கிட்டே இருந்தாங்க. மூணாவது நாள் காலைல எழுந்திரிக்க முடியல. அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. ஏன் சொல்லலைன்னு நான் போன்ல கத்தினதுக்கு, "சொன்னா மாத்திரையை நிறுத்திருவாவோ, நோய் திரும்பிரும்லாட்டி"ன்னாங்க.

அவங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா உண்மை தலைகீழ். வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு நாலு தடவை கூடுதலா போனாலோ, ராத்திரியில போனாலோ, அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும். வாந்தி நிக்காம வந்தாலும், வாய்ப்புண்ணால சாப்பிட முடியலைன்னாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அப்படித்தான். நெஞ்சு வலின்னா யோசிக்கவே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. இந்த மருந்து இதய இரத்தக்குழாயைச் சுருக்கிப் பிடிக்க வைக்கலாம். நிறுத்தி, உடம்பு தேறின பிறகு டோஸைக் குறைச்சு தொடர்வாங்க. ஆச்சிக்கும் அதான் பண்ணாங்க. விட்டுப்போன மாத்திரைகளை ஈடுகட்டவும் சொல்லல.

சிலருக்கு முதல் சுற்றிலேயே உயிர் போற அளவுக்கு விளைவு வரும். இந்த மருந்தை உடைச்சு வெளியேத்துற டிபிடி என்ற என்சைம் பிறவியிலேயே அவங்களுக்குக் குறைவா இருக்கும். 2020-லிருந்து ஐரோப்பிய மருந்து முகமை, ஆரம்பிக்கும் முன்னாடியே இதை டெஸ்ட் பண்ணச் சொல்லுது. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, கேட்கிறதுல தப்பில்லை.

கை, கால் எரிச்சலுக்கு வருவோம். உள்ளங்கை சிவந்து, தோல் உரியும். ரேகை போறதும் இதோட சேர்ந்து வரலாம். வெந்நீர், பாத்திரம் தேய்க்கிறது, இறுக்கமான செருப்பு மூணையும் குறைக்கணும். யூரியா க்ரீம் தடவச் சொல்வாங்க. டெல்லி எய்ம்ஸ் 2024-ல் வெளியிட்ட ஆய்வுல, வலிக்குத் தடவுற டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கையில தடவினவங்கள்ல 3.8 சதவீதம் பேருக்குத்தான் இது மிதமாவோ கடுமையாவோ வந்தது. வெறும் ஜெல் தடவினவங்கள்ல 15 சதவீதம். விலை குறைஞ்ச ட்யூப்தான், ஆனா டாக்டர்கிட்ட கேட்டுட்டே தடவுங்க. ஆச்சியைப் பாத்திரம் தேய்க்க விடாம பண்றதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. சிங்க் பக்கத்துல சித்தியைக் காவல் போட்டோம்.

எட்டு சுற்று முடிஞ்சப்போ, டோஸ் குறைச்சதால கொஞ்சம் மாத்திரை மிச்சம் இருந்தது. குப்பையிலயோ டாய்லெட்லயோ போடக் கூடாதுன்னு அட்டையோட கவர்ல போட்டு ஆஸ்பத்திரி ஃபார்மசியிலயே திருப்பிக் கொடுத்தோம். "காசு குடுத்து வாங்குனதுல்லா"ன்னு ஆச்சிக்கு அன்னிக்கு முழுக்க வருத்தம். அடுத்த மாசம் ரேஷன் கடைல மூணாவது தடவை வச்சப்போ மெஷின் விரலை ஏத்துக்கிச்சாம். அம்மா வாட்ஸ்அப்ல பில்லை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க.