கிரெடிட் என்றால் கடனா, வரவா?

மேல்மலையனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து செஞ்சிக்கு வந்து சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், ஒரு நாள் கம்பியில் குத்திய ஒரு கட்டுக் காகிதத்தோடு என் கடைக்கு வந்தார். "ஐயா, பிஸ்கட் டீலர் ரெண்டு வருஷமா கடன் சீட்டு அனுப்பிக்கிட்டே இருக்கார். நான்தான் பில்லுக்குப் பில் ரொக்கமா கொடுத்திட்டேனே?" என்றார். வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் கிரெடிட் நோட்! உடைந்து வந்த பிஸ்கட்டுக்கும் குறைந்து வந்த பெட்டிக்கும் டீலர் அவருக்குத் தர வேண்டிய தொகை. கூட்டினால் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. கேட்டால் பணம் கொடு என்பார்களோ என்று பயந்து, மனிதர் வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். அதற்குள் டீலரும் மாறிவிட்டார். பழையவரிடம் நடையாய் நடந்து பாதிதான் தேறியது.

அவரைக் குறை சொல்ல முடியாது. 'கிரெடிட்டில் சரக்கு' என்றால் கடனுக்குச் சரக்கு என்றுதானே நாம் பேசுகிறோம்? இது நம்புவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்பிக் கொடுத்தது கிரெடிட். கணக்குப் புத்தகத்தில் மட்டும் அதற்கு வரவு என்று பொருள். கிரெடிட் நோட்டை எழுதுபவர் விற்றவர். 'உங்கள் கணக்கில் இவ்வளவு வரவு வைத்துள்ளோம்' என்பதே அதன் சாரம். அடுத்த பில்லில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டியது நம் வேலை.

டெபிட் இதற்கு நேர் எதிர், அதாவது பற்று. சரக்கைத் திருப்பி அனுப்பும்போது நாம் டீலருக்கு டெபிட் நோட் எழுதுவது பழைய வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவில் வரும் கிரெடிட் நோட், டெபிட் நோட் இரண்டும் விற்றவர் எழுத வேண்டியவை. நாம் எழுதும் சீட்டை வைத்து அவர் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. அவர் கிரெடிட் நோட் போட்டு, விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டியாக வேண்டும். ஆகவே திருப்பிய சரக்குக்கு உடனே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தச் சரக்கின் வரியை நீங்கள் ஏற்கெனவே இன்புட் கிரெடிட்டாக எடுத்திருந்தால், அதற்கான பங்கைக் குறைக்கவும் வேண்டும்.

கிரெடிட்டுக்கு எதிராக நாம் சொல்லும் கேஷ் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. அது நம் காசிலிருந்து போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. கும்பினியார் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசைத்தான் வெள்ளைக்காரர் கேஷ் என்று எழுதினார். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு சொல். அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. நாமும் கல்லாப்பெட்டி என்றுதானே சொல்கிறோம்!

எடை விஷயத்துக்கு வருவோம். கிராஸ் என்றால் பருத்தது, மொத்தம். நெட் என்றால் சுத்தமானது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது டேர், அதாவது சாக்கு, டப்பா, தட்டு இவற்றின் எடை. 'தள்ளிப் போடப்பட்டது' என்ற பொருளில் அரபு மொழியிலிருந்து வந்த சொல் இது. மூட்டையின் கிராஸ் 50 கிலோ 600 கிராம், சாக்கு 600 கிராம் என்றால் நெட் 50 கிலோ. கிராஸ் 50 என்று எழுதிய மூட்டையை நெட் 50 என்று நினைத்து வாங்கினால், மூட்டைக்கு 600 கிராம் சாக்கைச் சரக்கு விலைக்கு வாங்குகிறீர்கள். மின்னணுத் தராசில் டேர் என்றொரு பொத்தான் இருக்கிறது. தட்டை வைத்ததும் அதை அழுத்திப் பூஜ்யமாக்கிய பிறகு சரக்கைக் கொட்டுங்கள். பல கடைகளில் அந்தப் பொத்தானில் தூசிதான் இருக்கிறது.

இந்த கிராஸிலிருந்துதான் குரோசர் என்ற சொல்லும் வந்தது. மொத்தமாக விற்பவர் என்பதே அதன் முதல் பொருள். ரீடெயில் என்பது வெட்டித் துண்டாக்குவதைக் குறித்த பிரெஞ்சுச் சொல். ஆக, குரோசர் என்ற பட்டம் முதலில் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுடையது. சில்லறைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாக்கெட்டில் உள்ள தேதியில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பெஸ்ட் பிஃபோர் என்பது அந்த நாள் வரை ருசியும் தரமும் குறையாது என்ற உறுதி. எக்ஸ்பயரி அல்லது யூஸ் பை என்பது கடைசி நாள். அது கடந்தால் விற்கவே கூடாது. 2020-இல் வந்த உணவுப் பொருள் லேபிள் விதிகள் இந்த எக்ஸ்பயரி தேதியைக் கட்டாயமாக்கின. பெஸ்ட் பிஃபோர் போடுவது உற்பத்தியாளர் விருப்பம். 'பேக் செய்ததிலிருந்து 6 மாதம்' என்று இருந்தால், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது.

டாக்ஸ் இன்வாய்ஸ் வேறு, பில் ஆஃப் சப்ளை வேறு. வரி உள்ள சரக்குக்கு முன்னது. வரிவிலக்குச் சரக்கு விற்பவரும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவரும் கொடுக்க வேண்டியது பின்னது. அதில் வரி வசூலிக்கக் கூடாது. எஸ்டிமேட் இவற்றில் எதுவுமே அல்ல. அது உத்தேச மதிப்பு மட்டுமே. நம் பக்கம் அந்தத் தலைப்பில் துண்டுச் சீட்டு கொடுத்துச் சரக்கை அனுப்பிவிடுகிறார்கள். அதை வைத்து வரியும் எடுக்க முடியாது, தகராறு வந்தால் வழக்கில் காட்டவும் வலுவில்லை. கொடுப்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு என்ன?

பில்லின் அடியில் 'ஈ. அண்ட் ஓ.ஈ.' என்று இருக்கும். அது பில் அடித்த அச்சகத்தின் பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்ததாக ஒரு தம்பி சொன்னார். பிழைகளும் விடுபட்டவையும் நீங்கலாக என்பதே அதன் பொருள். அதாவது, கூட்டலில் தவறு இருந்தால் பின்னால் திருத்திக்கொள்ளும் உரிமையை விற்றவர் வைத்துக்கொள்கிறார். அந்த எழுத்துகள் இருக்கும் பில்லைக் கடையிலேயே ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.