ஒரு மரச்சட்டக வீட்டின் வரவு செலவு

ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலையை ஒட்டிய குவெட்லின்பூர்க் நகரில் சுமார் 23,000 பேர் வசிக்கிறார்கள். அங்குள்ள மரச்சட்டக வீடுகள் 2,000-க்கும் மேல். சராசரியாக 11 பேருக்கு ஒரு வீடு. பழைய நகரம் 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இந்த வீடுகளைத் தொடர்ந்து நிற்கவைக்க என்ன செலவாகிறது, அதை யார் கொடுக்கிறார்கள்?

ஆண்டுகள்

வோர்ட்காஸே தெருவின் 3-ஆம் எண் வீட்டிலிருந்து தொடங்கலாம். அதன் மரங்களிலுள்ள வளையங்களை ஆராய்ந்து பார்த்ததில் 1346-47 என்ற காலம் கிடைத்தது. ஜெர்மனியின் மிகப் பழைய மரச்சட்டக வீடு என்று ஒரு காலத்தில் இதைச் சொன்னார்கள். பிறகு இதே ஊரின் வேறு வீடுகளில் இதைவிட மூத்த மரங்கள் கண்டெடுக்கப்பட்டன. 1965 வரை இங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். அதாவது 600 ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகவே இருந்தது. 1976 முதல் இது மரச்சட்டகக் கட்டடக் கலைக்கான அருங்காட்சியகம்.

மரம்

இந்த வீட்டின் தூண்கள் அடியிலிருந்து கூரை தொடங்கும் இடம்வரை ஒரே மரமாக எழுகின்றன. கணக்குக்காக 20 சென்டிமீட்டர் சதுரமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஓர் ஓக் தூணை எடுத்துக்கொள்வோம். கன அளவு 0.24 கன மீட்டர். தச்சர்கள் ஓக்கைப் பச்சையாகவே இழைத்தார்கள். பச்சை மரம் கன மீட்டருக்குச் சுமார் 1,000 கிலோ என்றால் தூணின் எடை 240 கிலோ. காய்ந்த பிறகு 700 கிலோ வீதம் 168 கிலோ. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான எடை, 72 கிலோ, தண்ணீராக வெளியேறிவிடுகிறது. காயும்போது மரம் சுருங்கும், முறுக்கும். கழுந்தும் துளையும் மர ஆணியும் கொண்ட மூட்டுகள் அந்த அசைவைத் தாங்கிக்கொள்கின்றன.

6 மீட்டர் நேராக வளர்ந்த ஓக் எப்போதும் கிடைப்பதில்லை. பின்னாளில் தச்சர்கள் ஒவ்வொரு மாடியையும் தனிச் சட்டகமாகக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மேல்மாடி தெருப்பக்கம் சற்றே துருத்தி நின்றது. தூணின் நீளம் 3 மீட்டருக்குள் அடங்கிற்று. துண்டுகளைத் தச்சுக்களத்திலேயே அறுத்து, செதுக்கி, எண்குறி வெட்டி, மனைக்குக் கொண்டுவந்து கோத்தார்கள். கெட்ட துண்டைக் கழற்றி மாற்றுவதற்கும் இதே முறைதான் வழிவிடுகிறது.

மண்

சட்டங்களுக்கு நடுவே உள்ள கட்டங்களில் வரிச்சு பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பினார்கள். 1 மீட்டர் சதுரமும் 14 சென்டிமீட்டர் கனமும் உள்ள கட்டத்துக்கு 0.14 கன மீட்டர் மண் வேண்டும். கன மீட்டருக்கு 1,500 கிலோ வீதம் 210 கிலோ. காய்ந்த ஓக் தூணைவிட இந்த ஒரு கட்டம் கனமானது. மண் மலிவு, அதைக் குழைத்துப் பூசும் கைகளின் கூலிதான் பெரிது.

சூடு

ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு அந்த மண்சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 2.5 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால், 40 சதுர மீட்டர் சுவரில் 2,000 வாட் போகிறது. உட்புறம் 4 சென்டிமீட்டர் மரநார்ப் பலகை பொருத்தினால் 2.5 என்பது 0.8 ஆகும், இழப்பு 640 வாட்டாகக் குறையும்.

புறச்சுவரைப் புதுப்பிக்கும்போது ஜெர்மனியின் கட்டட ஆற்றல் சட்டம் கேட்கும் அளவு 0.24. அதை எட்டத் தடிமனான காப்பு வேண்டும். ஆனால் காப்பு கூடக்கூடச் சுவரின் வெளிப்பகுதி குளிர்ந்து, ஈரம் படிந்து, உலர நாளாகும். மரத்தின் ஈரம் நீண்ட நாள் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சிமென்ட் பூச்சு செய்யும் கேடும் இதுவே: விரிசல் வழியே மழைநீரை உள்ளே விட்டு, வெளியேற விடாமல் அடைக்கிறது. முதலில் அழுகுவது அடிச்சட்டம். அதனால்தான் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு 0.24-இலிருந்து விலக்கு பெறச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு இடம் தருகிறது.

பணம்

நினைவுச்சின்னப் பட்டியலில் வீடு ஏறினால் சன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும். அதற்கு ஈடாக வருமான வரிச் சட்டம் சலுகை தருகிறது. அதைப் பெற, வேலை தொடங்கும் முன்பே நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்துடன் பேசி முடித்திருக்க வேண்டும். வீட்டின் கொள்முதல் விலை இதில் சேராது. சீரமைப்புக்கு 4,00,000 யூரோ ஆனதாக வைத்துக்கொள்வோம்.

- சொந்தக் குடியிருப்பு: ஆண்டுக்கு 9 சதவீதம், 10 ஆண்டுகள். கழிவு 36,000 × 10 = 3,60,000 யூரோ.
- வாடகை வீடு: முதல் 8 ஆண்டுகள் 9 சதவீதம், அடுத்த 4 ஆண்டுகள் 7 சதவீதம். கழிவு 2,88,000 + 1,12,000 = 4,00,000 யூரோ.

இது வருமானத்திலிருந்து கழியும் தொகை. கையில் மிஞ்சுவது அவரவர் வரி விகிதத்தைப் பொறுத்தது. குடியிருக்கும் உரிமையாளருக்குக் கழியும் தொகை முழுவதும் 42 சதவீத வரிக்குள் விழுந்தால் 1,51,200 யூரோ மிஞ்சும். செலவில் 37.8 சதவீதத்தை அரசு ஏற்றதற்குச் சமம். 25 சதவீத வரி என்றால் மிச்சம் 90,000. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஓய்வூதியருக்குப் பூஜ்யம்.

மூவருடைய வீட்டிலும் அழுகிய அடிச்சட்டத்தை மாற்றும் தச்சர் கேட்கும் கூலி ஒன்றுதான். வருமானம் ஏற ஏறச் சலுகையும் ஏறுகிறது. வீட்டின் தேவையை அது கேட்பதில்லை. நேரடி மானியங்களும், 1985-இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் நினைவுச்சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை போன்றவை தரும் உதவியும் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன. 11 பேருக்கு ஒரு மரச்சட்டக வீடு உள்ள ஊரில், வசதியுள்ள உரிமையாளர்களை மட்டும் நம்பி 2,000 வீடுகளைக் காப்பாற்ற முடியாது.