பரிமாற்ற மாணவரின் முதல் வாரங்கள்: ஜெர்மனி

பரிமாற்ற மாணவர் என்பவர், தம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்துகொண்டே, அதனுடன் உடன்பாடு செய்துள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓரிரு பருவங்கள் படிக்கச் செல்பவர். பட்டம் வழங்குவது சொந்தப் பல்கலைக்கழகமே. கல்விக் கட்டணத்தையும் பொதுவாக அங்கேயே செலுத்துவார். முழுப் பட்டப் படிப்புக்காக வெளிநாடு செல்பவருக்குப் பழகிக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் உண்டு. பரிமாற்ற மாணவருக்கு இருப்பதோ பெரும்பாலும் ஐந்தாறு மாதங்கள். முதல் நான்கு வாரங்களில் தவறவிட்டதை அவர் பின்னால் ஈடுகட்டுவது கடினம். இக்கட்டுரை ஜெர்மனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த வாரங்களை விளக்குகிறது.

பின்னணி

இத்தாலியைச் சேர்ந்த சோபியா கொராடி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை முடித்து 1958இல் ரோம் திரும்பினார். அங்கு அவர் படித்த பல்கலைக்கழகம் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்தது. வெளிநாட்டில் படித்தது உள்நாட்டில் செல்ல வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் 1987இல் தொடங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் அதில் சென்றனர். தமிழ்நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள கல்வித் தொடர்பு இன்னும் பழையது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் சென்னை ஐ.ஐ.டி. 1959இல் தொடங்கப்பட்டது. அதன் மாணவர்கள் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பரிமாற்றத்தில் சென்றுவருகின்றனர்.

பதிவுகளும் அலுவலகங்களும்

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. விரிவுரைகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பம். இடைப்பட்ட இரண்டு வாரங்களை ஊர் சுற்றிப் பார்க்கும் காலமாக நினைப்பவர் பின்னர் வருந்துவார். அக்டோபர் 3 தேசிய விடுமுறை. ஞாயிறுதோறும் கடைகள் அடைப்பு. சனிக்கிழமை இரவு வந்து இறங்குபவருக்கு விடுதிச் சாவி தரும் காப்பாளரும் இருக்க மாட்டார், ரொட்டி வாங்கக் கடையும் இருக்காது. ரயில் நிலையக் கடைகள் மட்டும் விதிவிலக்கு. விடுதி அறையில் கட்டிலும் மெத்தையும் இருக்கும். போர்வை, தலையணை, பாத்திரங்கள் பெரும்பாலும் இருக்காது.

முதல் வேலை முகவரிப் பதிவு. அன்மெல்டுங் எனப்படும் இதை, குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் செய்ய வேண்டும். 2015 நவம்பர் முதல், வீடு தந்தவர் கையெழுத்திட்ட உறுதிச்சான்றும் கட்டாயம். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. தெரிந்தவர் வீட்டில் சில வாரம் தங்கிக்கொண்டு அறை தேடுவோருக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். பதிவுச் சான்று இல்லையென்றால் பல வங்கிகளில் கணக்குத் திறக்க முடியாது. கணக்கு இல்லையென்றால், விசாவுக்காக முடக்கி வைத்த பணம் மாதாமாதம் கைக்கு வராது. முடக்க வேண்டிய இந்தத் தொகை 2024 செப்டம்பர் முதல் மாதத்திற்கு 992 யூரோ. விசாக் காலத்துக்கு மேல் தங்க வேண்டியவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவு அனுமதி பெற வேண்டும். அங்கும் இதே சான்றைத்தான் முதலில் கேட்பார்கள். பெருநகரங்களில் இந்த அலுவலகங்களில் நேரம் கிடைப்பது அரிது என்பதால், அறை உறுதியானவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் நேரம் பதிந்து வைப்பது நல்லது.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகச் சேர்க்கை முடியாது. மற்றொன்றும் சொல்ல வேண்டும். முகவரி பதிந்த சில வாரங்களில் ஒரு கடிதம் வரும்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ. தம்மிடம் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை என்று அதைக் குப்பையில் போடுவோர் உண்டு. கட்டணம் பெட்டிக்கல்ல, வீட்டுக்கு. பல மாணவர் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். அதைத் தெரிவித்துப் பதில் எழுதிவிட வேண்டும்.

வகுப்பறை

கால அட்டவணையில் 10 மணி என்று போட்டு, பக்கத்தில் 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும். 'கும் டெம்போரே' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் இது. 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியாகப் பத்து மணி. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். புதிதாக வந்தவர் திடுக்கிடுவார். அது கைதட்டலுக்கு ஈடானது. பேராசிரியரை 'நீங்கள்' என்றும், சக மாணவரை, வயதில் மூத்தவரானாலும், 'நீ' என்றும் அழைப்பது வழக்கம். தமிழருக்கு இந்த வேறுபாடு புதிதன்று, ஆனால் மூத்தவரை 'நீ' என்பது நாவில் எளிதில் வராது. பாடநூல் ஜெர்மன் படித்துச் சென்றவர் பவேரியாவிலோ ஸ்டுட்கார்ட்டிலோ கடைக்காரர் பேச்சைக் கேட்டால், நூல்தமிழ் மட்டும் கற்றவர் நெல்லைச் சந்தையில் நிற்பது போலத்தான்.

படிப்பின் அளவைப் புள்ளிகளால் கணக்கிடுகிறார்கள். ஒரு பருவத்திற்கு 30 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மதிப்பெண் தலைகீழ்: 1.0 மிகச் சிறப்பு, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி.

எந்தெந்தப் பாடங்களைப் படிப்பது என்று புறப்படும் முன்பே இரு பல்கலைக்கழகங்களும் மாணவரும் கையெழுத்திட்ட கல்வி உடன்பாடு ஒன்று இருக்கும். அங்கு சென்று பார்த்தால் அதில் ஒரு பாடம் அந்தப் பருவத்தில் நடக்காது, இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் வரும், இன்னொன்று ஜெர்மன் மொழியில் மட்டும் இருக்கும். பாடத்தை மாற்றுவதில் தவறில்லை. மாற்றத்தை முதல் சில வாரங்களுக்குள் இரு தரப்பிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறாமல் விடுவதுதான் தவறு. வாய்மொழியாகச் 'சரி' என்ற ஒருங்கிணைப்பாளர் ஆறு மாதம் கழித்து அப்பொறுப்பில் இல்லாமற் போகலாம். நன்றாகப் படித்துத் தேறிய பாடம் ஊரில் ஏற்கப்படாமல் ஒரு பருவமே வீணாவது இப்படித்தான்.

கருத்தரங்கு வகுப்புகளில் கட்டுரைத் தலைப்புகளைப் பெரும்பாலும் முதல் நாளே பங்கிட்டுவிடுகிறார்கள். அன்று வராதவருக்கு இடம் போகக்கூடும். மேலும், பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. பல பல்கலைக்கழகங்களில் தேர்வுக்குத் தனியே, குறிப்பிட்ட நாளுக்குள் பதிய வேண்டும். நம் கல்லூரிகளில் துறை அலுவலகமே நினைவூட்டும். அங்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

மனநிலை

மானிடவியலர் காலெர்வோ ஓபர்க் 1960இல் பண்பாட்டு அதிர்ச்சி பற்றி எழுதியபோது, அதன் முதல் கட்டத்தைத் தேனிலவுக் காலம் என்றார். அதற்கு முன் 1955இல் ஸ்வெர்ரெ லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டவரை ஆராய்ந்து, மகிழ்ச்சி முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயர்கிறது என்று விளக்கியிருந்தார். இன்றும் பல அறிமுகக் கூட்டங்களில் இந்த வளைகோட்டைத்தான் வரைந்து காட்டுகிறார்கள்.

ஆனால் காலீன் வார்டு குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களை வந்த 24 மணி நேரத்திற்குள்ளும், பின்னர் 4, 6, 12 மாதங்களிலும் கேட்டறிந்ததில், மனச்சோர்வு மிகுந்திருந்தது வந்து இறங்கிய வேளையில்தான். மேலே கண்ட அலுவலக அலைச்சலைப் பார்க்கையில் இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. தேனிலவு வரும் என்று எதிர்பார்த்துச் சென்றவர், முதல் வாரமே அழுகை வந்தால், தம்மிடம்தான் குறை என்று எண்ணிக்கொள்கிறார்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே தள்ளப்படுகிறது. மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டிவிடும். இந்தியாவுடன் உள்ள நேர வேறுபாடும் மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாகிறது. இரவு எட்டு மணிக்குச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பேச நினைத்தால், இங்கே நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை. மென்சா எனப்படும் மாணவர் உணவகத்தில் மதிய உணவு மலிவு. நண்பர்கள் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பல பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர் ஒவ்வொருவருக்கும் உள்ளூர் மாணவர் ஒருவரைத் துணையாக அமர்த்துகின்றன. இதற்கு விண்ணப்பிக்க வேண்டிய நாள் பெரும்பாலும் பயணத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.